ஓசி ஆப்பும் அண்ணாச்சி நோட்டும்

"தம்பி, நான் பேசுறத இந்த ஃபோனு ஒட்டுக் கேக்குதா?"

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் செல் கடைக்கு டிஸ்பிளே உடைந்தவர்களும் சார்ஜ் ஏறாதவர்களும்தான் அதிகம் வருவார்கள். இந்த அக்கா வேறு காரியமாக வந்தார். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, பகலில் மார்க்கெட்டில் விற்பவர். முந்தின நாள் ராத்திரி மகளிடம், "கிரைண்டர் கல்லு தேஞ்சி போச்சுடி, புதுசு பாக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். காலையில் ஃபோனைத் திறந்தால் கிரைண்டர் விளம்பரம். என் மேசையில் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குரலையும் தணித்துக்கொண்டுதான் கேட்டார்.

வாரத்துக்கு ஒருத்தராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். கிரைண்டருக்குப் பதில் செருப்பு, சுகர் மாத்திரை, வரன் பார்க்கும் சைட் என்று பொருள்தான் மாறும். சந்தேகம் நியாயம், ஆனால் பழியை மைக் மேல் போடுவதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்துப் பார்த்தார்கள். திருட்டுத்தனமாக மைக்கைத் திறந்து பேச்சை வெளியே அனுப்பிய ஆப் ஒன்றுகூட அகப்படவில்லை. ஆனால் திரையில் நீங்கள் செய்வதைப் படம் பிடித்து அனுப்பிய ஆப்கள் சில அகப்பட்டன. பயப்பட வேண்டிய இடம் ஒன்று, நாம் பயப்படுகிற இடம் இன்னொன்று.

அக்காவிடம் விசாரித்தேன். மகள் அன்றைக்கு ராத்திரியே தன் ஃபோனில் கிரைண்டர் விலை தேடியிருக்கிறாள். நெட் அம்மாவின் ஹாட்ஸ்பாட். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஆறு மாதத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணுக்குப் புது ஃபோன் வாங்கியபோது, தனி ஐடி திறக்கச் சோம்பல்பட்டு, அம்மாவின் ஜிமெயில் ஐடியையே போட்டுக் கொடுத்தவன் சாட்சாத் நான்தான். ஆக, கணக்கு ஒன்று, ஃபோன் இரண்டு. மகள் தேடினால் அம்மாவுக்கு விளம்பரம் வரத்தான் செய்யும். ஒட்டுக் கேட்க வேண்டிய தேவையே அங்கே இல்லை.

"அப்ப எதுக்கு தம்பி எல்லாத்தையும் ஓசில குடுக்குறான்?" என்றார். இதுதான் சரியான கேள்வி. அவரிடம் கடையில் நின்றபடி சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஓசி. கோட்டையில் உட்கார்ந்திருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் தன் வேலைக்கான தபால்களில் 'கம்பெனி காரியம்' என்று பொருள்படும் ஆங்கில எழுத்துகளைக் குத்தி, காசு கட்டாமல் அனுப்புவானாம். அந்த எழுத்துகள்தான் ஓசி ஆனது என்று மெட்ராஸில் ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, அதில் ஒரு விஷயம் சரி. தபாலைச் சுமந்து போனவனுக்கு யாரோ ஒருத்தர் கூலி கொடுத்தாக வேண்டும். 2006க்குப் பிறகு அரசு வீடு வீடாக இலவச கலர் டிவி கொடுத்ததே, ஞாபகம் இருக்கிறதா? டிவி சும்மா வந்தது. மாதா மாதம் கேபிள்காரர் வந்து கதவைத் தட்டினார். அதில் யாருக்கும் ஏமாற்றம் இல்லை, ஏனென்றால் காசு எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. ஃபோனுக்குள் அந்தக் கேபிள்காரர் கண்ணில் படமாட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் யார் என்பதைக் கம்பெனிகளே கணக்கில் காட்டுகின்றன. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றுக்கும் சொந்தக்காரரான மெட்டாவின் 2023 வருமானம் 134.9 பில்லியன் டாலர். அதில் 131.9 பில்லியன் விளம்பரத்திலிருந்து. நூறு டாலருக்குக் கிட்டத்தட்ட 98. கூகுளின் தாய்க் கம்பெனிக்கும் அதே வருஷம் வருமானத்தில் முக்கால் பங்குக்கு மேல் விளம்பரம்தான். நாம் வீடியோ பார்க்கிறோம், வழி கேட்கிறோம், குட் மார்னிங் அனுப்புகிறோம். செலவை விளம்பரக்காரர் ஏற்றுக்கொள்கிறார்.

பேப்பரிலும்தான் விளம்பரம் வருகிறது, அதில் என்ன புதுசு என்று கேட்கலாம். பேப்பரில் வரும் விளம்பரம் ராயபுரத்துக்கும் பெரம்பூருக்கும் ஒன்றுதான். ஃபோனில் அப்படி இல்லை. அங்கே நடப்பது ஏலம்.

காசிமேட்டில் விடிவதற்கு முன்னால் போய் நின்றவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். போட்டிலிருந்து கூடை இறங்கும். தரையில் கொட்டியதும் ஏலம் விடுபவர் குரலை உயர்த்துவார். சுற்றி நிற்பவர்கள் ஒரே பார்வையில் சரக்கை எடை போட்டுவிடுவார்கள்: வஞ்சிரமா சங்கராவா, செவுள் சிவந்திருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, ஐஸில் எத்தனை நாள் கிடந்தது. ஓட்டல்காரருக்கு ஒரு விலை கட்டும், வெளியூர் வியாபாரிக்கு ஒரு விலை, கூடை சுமந்து போய் விற்கும் அக்காவுக்கு ஒரு விலை. கேட்கிறார்கள், ஏற்றுகிறார்கள், ஒருத்தருக்கு முடிகிறது. தடைக்காலத்தில், அதாவது விசைப்படகு கடலுக்குப் போகாத அந்த 61 நாளில், அதே மீனுக்கு விலை எங்கோ போய்விடும்.

நீங்கள் ஃபோனில் ஒரு செய்திப் பக்கத்தைத் தொட்டதும் இதே மாதிரி ஒன்று நடக்கிறது. பக்கம் முழுசாகத் திரையில் வந்து சேர்வதற்குள், சுமார் 100 மில்லிசெகண்டில், ஏலம் தொடங்கி முடிந்துவிடும். ஏலம் போவது உங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கும் அந்த நாலு விரற்கடை இடம். செவுளைப் பார்ப்பதற்குப் பதில் விளம்பரக்காரரின் கம்ப்யூட்டர் உங்களைப் பற்றிய குறிப்பைப் பார்க்கிறது: விலை குறைந்த ஆண்ட்ராய்டு, வட சென்னை, தமிழ், பெண், நாற்பது வயசு இருக்கும், நேற்று சமையல் சாமான் தேடினவர். கிரைண்டர் கம்பெனி கூடுதலாகக் கேட்கும். கிரிக்கெட் மட்டை விற்பவர் ஒதுங்கிக்கொள்வார்.

"அப்ப என் நம்பரை வித்துட்டானா?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். இங்கே பலரும் இரண்டு வேறு வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். கூகுளும் மெட்டாவும் தங்கள் சொந்த இடத்தில் நடத்தும் ஏலத்தில் உங்கள் பெயரையோ நம்பரையோ விளம்பரக்காரரிடம் எடுத்துக் கொடுப்பதில்லை. 'இப்படிப்பட்டவர்களுக்குக் காட்டு' என்று அவர் காசு கட்டுவார். யார் யாருக்குக் காட்டினார்கள் என்ற விவரம் கம்பெனிக்குள்ளேயே இருக்கும். நல்லெண்ணத்தால் அல்ல. விவரத்தையே விற்றுவிட்டால் வாங்கினவன் நாளைக்கு எதிரிலேயே கடை போடுவான் என்பதால்.

மற்ற சைட்களிலும் ஆப்களிலும் நடக்கும் பொது ஏலம் இத்தனை கட்டுக்கோப்பானது அல்ல. ஏலத்தில் கலந்துகொள்ளும் எல்லாக் கம்பெனிகளுக்கும் அந்தக் குறிப்பு போகும். வாங்குவது ஒருத்தர், தோற்றவர்களும் பார்த்தாகிவிட்டது. மீனைப் பார்த்தவர் வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவார். கம்ப்யூட்டர் மறக்காது. பார்த்ததைச் சேர்த்துவைத்து, இதே ஃபோன் போன வாரம் எங்கே இருந்தது, அதற்கு முந்தின வாரம் என்ன படித்தது என்று கோத்து விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு, கொஞ்சம் ரோஷம் வரவைக்கும் கணக்கு. 2023இன் கடைசி மூன்று மாதத்தில் ஃபேஸ்புக் அமெரிக்கா, கனடாவில் ஒரு ஆளை வைத்துச் சராசரியாகச் சம்பாதித்தது 68 டாலர் சொச்சம். நம்மைச் சேர்த்த ஆசிய பசிபிக் வட்டாரத்தில் ஐந்தரை டாலர். ஏலத்தில் நாம் சங்கராகூட இல்லை, காரப்பொடி என்கிற பொடி மீன். ஆனால் வாங்கிக்கொள்ளும் பர்மிஷனில் குறைச்சல் கிடையாது, அமெரிக்கக்காரரிடம் கேட்கும் அத்தனையும் நம்மிடமும் கேட்கிறார்கள். விளம்பரமே வேண்டாம், காசு கட்டிவிடுகிறேன் என்றால்? ஐரோப்பாவில் 2023 நவம்பரில் மெட்டா அதற்கு ஒரு விலை போட்டது: கம்ப்யூட்டரில் பார்த்தால் மாதம் 9.99 யூரோ. 'காசு கொடு, இல்லாவிட்டால் விவரம் கொடு' என்று மக்களை மடக்குவது சரியில்லை என்று ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் 200 மில்லியன் யூரோ அபராதம் போட்டது. அந்தரங்கத்துக்கு ஒரு ரேட் உண்டு என்பதாவது அதில் வெளியே வந்தது.

சரி, அந்தக் குறிப்பில் எழுதுவதற்கு விவரம் எங்கிருந்து வருகிறது? பெயர், நம்பர், பிறந்தநாள் எல்லாம் நாமே எழுதிக் கொடுத்தது. அது கொஞ்சம்தான். நடக்கும்போது மண்ணில் கால் தடம் விழுகிற மாதிரி, பயன்படுத்தும்போது தானாக விழுவது நிறைய: எந்த நேரத்தில் ஃபோனைத் தொட்டோம், எந்தப் படத்தில் கட்டைவிரல் நின்றது, ராத்திரி எந்த இடத்தில் சார்ஜில் கிடந்தது. இவற்றிலிருந்து ஊகிப்பது மூன்றாவது. தினமும் விடியற்காலையில் துறைமுகத்தில் நிற்கும் ஃபோன் மீன் வியாபாரியுடையது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்தக் கால் தடத்தால் நமக்கும் லாபம் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதை கூகுள் மேப்பில் சிவப்புக் கோடாகப் பார்த்துவிட்டு உள் ரோட்டில் திரும்பியிருப்பீர்கள். அந்தச் சிவப்பை யாரும் மேலே நின்று வரையவில்லை. நெரிசலில் மாட்டிக்கொண்டவர்களின் ஃபோன்கள் மெதுவாக நகர்வதை வைத்து வரைவது அது. 2020இல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 ஃபோன்களை ஒரு சின்னத் தள்ளுவண்டியில் போட்டு ஆளில்லாத தெருவில் இழுத்துக்கொண்டு நடந்தார். மேப்பில் அந்தத் தெரு சிவந்துவிட்டது. சவுகார்பேட்டையில் அத்தனை மெனக்கெட வேண்டாம், நிஜமாகவே எப்போதும் சிவப்பு.

ஆகவே 'எடுக்கிறார்களா' என்று கேட்டுப் பயனில்லை. எடுக்கிறார்கள், அதில் கொஞ்சம் நமக்கும் திரும்பி வருகிறது. பிறகு எதற்குத்தான் நமக்குக் கோபம் வருகிறது? இதற்கு என் தெரு முனை அண்ணாச்சி கடையைத்தான் உதாரணம் சொல்வேன்.

அண்ணாச்சியிடம் ஒரு கடன் நோட்டு இருக்கிறது. நீளமான நோட்டு, ஓரம் எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்துப் போனது, உள்ளே ஒரு பென்சில் துண்டு. யார் வீட்டில் இருபதாம் தேதிக்கு மேல் பால் பாக்கெட் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைகிறது, யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள், பீடியை விட்டேன் என்று சத்தியம் செய்தவர் எந்தத் தேதியில் மறுபடி ஆரம்பித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. தெருவின் மொத்த வண்டவாளமும் அந்த ஒரு நோட்டில். அதற்காக ஒருத்தராவது அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போனதுண்டா? இல்லை. கடன் கொடுக்கிறவர் எழுதித்தான் வைப்பார்.

அதே நோட்டை அவர் ஒரு நாள் வட்டிக்காரரிடம் கொடுத்தால்? பெண் பார்க்க வருகிற வீட்டாரிடம், 'இவங்க வீட்டுக் கணக்கைப் பாருங்க' என்று பிரித்துக் காட்டினால்? கடை மறுநாள் திறக்காது. நோட்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அது போய்ச் சேர்ந்த இடம்தான் மாறியது.

ஹெலன் நிசன்பாம் என்ற அறிஞர் 2004இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இது: விவரத்தைப் பூட்டி வைப்பது மட்டும் அந்தரங்கம் ஆகாது, எந்தச் சூழலில், எந்த எண்ணத்தில் சொன்னோமோ அந்த வரைமுறைப்படி அது நடமாட வேண்டும். டாக்டரிடம் சொன்னது டாக்டரோடு. அண்ணாச்சிக்குத் தெரிந்தது அண்ணாச்சியோடு. ஆப்பைத் திறக்கும்போதும் நம் மனசுக்குள் இப்படி ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது, வாய்விட்டுச் சொல்வதில்லை. கம்பெனியோ அதை முப்பது பக்க நிபந்தனையில், நாம் படிக்காத ஒரு மூலையில், வேறு மாதிரி எழுதி வைத்திருக்கும். 'அக்ரீ' தட்டியாகிவிட்டது, சட்டப்படி சரி. மனசுக்கு மட்டும் சரியில்லை.

வாட்ஸ்அப் இதற்கு நல்ல பாடம். ஆரம்பத்தில் அது முழு ஓசி அல்ல, வருஷத்துக்கு ஒரு டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. விளம்பரமே கூடாது என்பதில் அதைத் தொடங்கியவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். 2014இல் ஃபேஸ்புக் அதை 19 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2016 ஜனவரியில் அந்த ஒரு டாலரும் வேண்டாம் என்றார்கள், நமக்குச் சந்தோஷம். அதே வருஷம் ஏப்ரலில் எல்லோருடைய பேச்சுக்கும் முழுப் பூட்டு வந்தது. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வாட்ஸ்அப் கம்பெனியே படிக்க முடியாது. அது நிஜமான நன்மை, இன்றும் இருக்கிறது. ஆகஸ்டில், நம்பர் முதலான சில விவரங்களை ஃபேஸ்புக்கோடு பகிர்வோம் என்று கொள்கையை மாற்றினார்கள். 2021இல் இன்னொரு மாற்றம். ஒத்துக்கொள், இல்லாவிட்டால் கிளம்பு என்ற தோரணையில் வந்த அந்த மாற்றத்துக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மெட்டா மேல்முறையீட்டுக்குப் போனது. 2025 ஜூனில், ஸ்டேட்டஸ் பார்க்கும் பக்கத்தில் விளம்பரம் வரும் என்று அறிவித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, பேச்சு பூட்டியிருக்கிறது, கவர் மேல் எழுத்து பூட்டவில்லை. யாருக்கு, எப்போது, எத்தனை முறை என்பது கம்பெனிக்குத் தெரியும். தபால்காரர் கடிதத்தைப் பிரிக்காமலேயே ஒரு வீட்டைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்று பழைய ஆட்களைக் கேளுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் உங்கள் விவரத்தை நீங்கள் கொடுப்பது. விளம்பரத்துக்காக அது போனால் நான் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டேன். எனக்குக் கோபம் வருவது காண்டாக்ட் விஷயத்தில். ஒரு ஆப் 'காண்டாக்டை அலோ பண்ணவா' என்று கேட்கும்போது அது கேட்பது உங்கள் சொத்தை அல்ல. உங்கள் ஃபோனில் இருக்கும் 400 பேரின் நம்பரை. அவர்களில் ஒருத்தரிடமும் நீங்கள் கேட்கவில்லை.

ஃபேஸ்புக்காரர்களின் விவரத்தைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்திய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற பிரிட்டன் கம்பெனியின் விவகாரம் 2018இல் வெடித்ததே, அதுவும் இப்படித்தான். உங்கள் குணம் என்ன என்று சொல்லும் ஒரு சின்னக் கேள்வி-பதில் ஆப். இந்தியாவில் அதைப் போட்டுக்கொண்டவர்கள் வெறும் 335 பேர். அந்த ஆப் அவர்களின் நண்பர்கள் விவரத்தையும் அள்ளியது. ஃபேஸ்புக்கே கொடுத்த கணக்குப்படி இந்தியாவில் பாதிக்கப்பட்டிருக்கக் கூடியவர்கள் சுமார் 5 லட்சத்து 62 ஆயிரம் பேர். 335 பேர் விளையாட்டாகத் தட்டியதற்கு அத்தனை பேர்.

நானும் அப்படி மாட்டியிருக்கிறேன். ஒரு நாள் மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து ஒருத்தன் இந்தியில் கத்துகிறான். நான் யாருக்கோ ஜாமீன் போட்டேனாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது: கொருக்குப்பேட்டைப் பையன் ஒருத்தன் ஏதோ ஒரு கடன் ஆப்பில் சில ஆயிரம் வாங்கித் தவணை தவறியிருக்கிறான். ஆப் அவன் ஃபோன் காண்டாக்டை முழுசாக உருவிவிட்டது. அதில் நான் 'செல் கடை அண்ணா'. என்னை மட்டுமா, அவன் பெரியம்மா, பழைய வாத்தியார், தண்ணி கேன் போடுகிறவர் என்று ஒருத்தர் விடாமல் போன் போட்டு மானத்தை வாங்கினார்கள். பணம் வாங்கியது அவன், அவமானம் எல்லோருக்கும்.

இதை ரிசர்வ் வங்கியும் கண்டுகொண்டது. 2022 செப்டம்பரில் வந்த டிஜிட்டல் கடன் நெறிமுறைகள், கடன் ஆப்கள் காண்டாக்ட், கால் பதிவு, ஃபைல்களைத் தொடக் கூடாது என்றன. 2023 மே கடைசியிலிருந்து பிளே ஸ்டோரும் கடன் ஆப்களுக்குக் காண்டாக்டையும் ஃபோட்டோவையும் தடுத்துவிட்டது. பிளே ஸ்டோருக்கு வெளியே, வாட்ஸ்அப்பில் லிங்காக வருவதற்கு இந்தத் தடை ஒன்றும் செய்யாது. எனவே கடன் ஆப் காண்டாக்டைக் கேட்டால், அங்கேயே வெளியே வந்துவிடுங்கள். அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

'வேண்டாம்' தட்டினால் போதுமா என்றால், பெரும்பாலும் போதும். இப்போதைய ஃபோன்களில் பர்மிஷன் கொடுக்காவிட்டால் ஆப்பால் காண்டாக்டை எடுக்க முடியாது. பழைய காலத்தில் நிலைமை வேறு. கரன்ட் கட் காலத்தில் ஆளாளுக்கு ஒரு டார்ச் ஆப் போட்டுக்கொண்டோமே, உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் இறங்கிய அப்படி ஓர் ஆப் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2013இல் நடவடிக்கை எடுத்தது. டார்ச் அடிக்கிற ஆப்புக்கு நீங்கள் இருக்கும் இடம் எதற்கு? எடுத்து விளம்பரக் கம்பெனிகளுக்குக் கொடுத்திருக்கிறது. நிபந்தனையை ஏற்கிறாயா மறுக்கிறாயா என்று கேட்கும் பட்டனை நீங்கள் தொடுவதற்கு முன்பே அனுப்ப ஆரம்பித்துவிட்டது என்பதுதான் குற்றச்சாட்டில் எனக்குப் பிடித்த பகுதி.

ஓசி சேவையிடம் நாம் வைக்கும் இன்னொரு எதிர்பார்ப்பையும் சொல்லியாக வேண்டும்: அது என்றைக்கும் இருக்கும் என்பது. ஃபேஸ்புக் மாதிரி கூகுள் நடத்திய ஆர்குட் 2014 செப்டம்பர் 30ஆம் தேதியோடு முடிந்தது. கூகுள் ஃபோட்டோஸில் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்றிருந்தது 2021 ஜூன் 1இல் நின்று, 15 ஜிபி என்றானது. குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பவர்கள் இன்றைக்கே ஒரு பென் டிரைவில் இன்னொரு காப்பி எடுத்து வையுங்கள். கணக்கு முடங்கினால் போய் நிற்க கவுன்டர் கிடையாது. நம் நாட்டு 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய சேவைகள் குறை தீர்க்கும் அதிகாரி ஒருவரை வைக்க வேண்டும், புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் ஆக்கின. பதிலில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீட்டுக் குழுவும் 2023இல் வந்துவிட்டது. கடைக்கு வந்து புலம்புகிறவர்களில் ஒருத்தர்கூட இதைக் கேள்விப்பட்டதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதன் வழியில் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, பெரும்பாலான கடமைகளுக்குக் கம்பெனிகளுக்கு 18 மாத அவகாசம். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தவை இரண்டு. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் கேட்டால் தமிழில் காட்ட வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, கொடுத்தது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். ஒரு தட்டில் கொடுத்ததை வாங்க ஒன்பது பக்கம் அலைய விடக் கூடாது. பிடிக்காதது ஒன்று: அபராதம் 250 கோடி வரை போகலாம், ஆனால் அது அரசு கஜானாவுக்கு. விவரம் பறிபோனவருக்குச் சல்லிக் காசு வராது.

அக்காவின் ஃபோனுக்கு வருகிறேன். முதலில் என் தப்பைத் திருத்தினேன்: மகளுக்குத் தனி ஐடி. அப்புறம் செட்டிங்ஸில் பிரைவசிக்குள் போய், விளம்பரக்காரர்கள் ஃபோனை அடையாளம் வைத்துக்கொள்ளும் விளம்பர ஐடியை அழித்தேன். ஃபோன் ஆளுக்கு ஆள் இந்த இடம் கொஞ்சம் மாறும், தேடினால் கிடைக்கும். ஏலக் குறிப்புகளை ஒன்றாகக் கோக்கும் நூல்களில் முக்கியமானது அதுதான். அழித்தாலும் விளம்பரம் வரும், உங்களுக்கென்று தைத்ததாக இருப்பது குறையும். கூகுள் கணக்கில் தேடல் வரலாறு மூன்று மாதத்தில் தானாக அழியும்படி வைத்தேன். லொகேஷன் எல்லாம் 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்'.

பிறகு பர்மிஷன் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். மேப்புக்கு லொகேஷன். "இருக்கட்டும், வழி காட்டுதுல்ல." பணம் அனுப்பும் ஆப்புக்குக் காண்டாக்ட். கொஞ்சம் யோசித்தார். "அதுல பேர் பாத்துதான் அனுப்புறேன். இருக்கட்டும்." நாள்காட்டி ஆப்புக்குக் காண்டாக்ட், மைக், லொகேஷன் மூன்றும்.

"நல்ல நேரம் சொல்றதுக்கு என் அண்ணன் நம்பர் எதுக்குப்பா அதுக்கு?"

எடுத்துவிட்டோம். அன்றைக்கு நல்ல நேரம் எப்போது என்று அது பழையபடி காட்டியது. கேம் ஒன்று, ஃபோட்டோவில் பூ வைக்கும் ஆப் ஒன்று, மகன் போட்டுவிட்டுப் போன என்னவென்றே தெரியாதது ஒன்று, மூன்றையும் கழற்றினோம். அரை மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குள் இரண்டு பேர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"எவ்ளோ தம்பி?"

"காசு எல்லாம் வேணாம் யக்கா. இதுக்குப் போய்..."

ஃபோனை வாங்கி முந்தானையில் முடியப் போனவர் நின்றுவிட்டார். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஓசியா? அப்ப நீ இன்னா எடுத்துக்கினே?"

ஐம்பது ரூபாயை மேசை மேல் வைத்துவிட்டுத்தான் படி இறங்கினார்.